கரைச்சாச்சு

பலாபத்வலையில் காலை ஐந்தே காலுக்குப் பைப்பில் தண்ணீர் வரும். ஐந்து இருபதுக்கு டிலக்சன் எழும்புவான். சமைக்கிற குசினிக்குப் போய் பெரிய வாளியை நிறைப்பான், பிறகு சின்ன வாளியை. நிறைந்ததும் பைப்பை மூடுவான். திருகு நிற்கிற இடம்வரை திருப்புவான். அதற்கு மேல் ஒரு இழைகூடத் திருப்பமாட்டான். அதனால் சொட்டும். சொட்டுக்குக் கீழே ஒரு மார்ஜரின் டப்பா வைப்பான். பின்பக்கம் குடியிருக்கும் வீட்டுக்காரர் இரண்டு முறை ஜன்னலால் எட்டிப் பார்த்து, "நல்லாப் புடிச்சு இறுக்குங்களேன் தம்பி, விடியக்காலையிலேயே சொட்டுற சத்தம்" என்று சொல்லியிருக்கிறார். சரி என்பான். இறுக்கமாட்டான்.

பிறகு பால் ஊற்றாத ஒரு பிளேன்டி. சீனி போடுவதில்லை, போட மறந்துபோய் அப்படியே பழகிவிட்டது. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சுவர்த் தட்டில் இருக்கும் தராசை எடுத்து மேசையில் வைப்பான். கேக் அடிக்கவென்று அவன் மனைவி நிரஞ்சனி வாங்கிய தராசு. இரண்டு கேக்தான் அடித்தாள். இப்போது அதில் அவன் வெள்ளைத் தூள் நிறுக்கிறான். பொடிச் சீனி மாதிரி இருக்கும். ஒரு சீமெந்து மூட்டைக்கு நூறு கிராம். நூறு நூறாக எட்டுச் சின்னப் பைகள். வாயை முடிச்சுப் போட்டு முதுகுப் பைக்குள் அடுக்குவான். தராசைத் திரும்ப வைக்கும்போது தட்டின் மேலடுக்கில் வெள்ளைத் துணி கட்டிய மண் முட்டி கண்ணில் படும். ஏழு மாதமாக அது அங்கேதான் இருக்கிறது. அதைப் பார்ப்பான், ஆனால் பார்த்தான் என்று சொல்ல முடியாது. கதவைப் பூட்டிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுப்பான்.

மாத்தளை டவுனைக் கடந்து, உக்குவளையில் திரும்பி, தோட்டத்து ரோட்டில் நாலு மைல் ஏறினால் மேல் டிவிஷன். அறுபத்து நாலு குடும்பங்கள். அவர்களுக்கு ஒரு தண்ணீர்த் தாங்கி கட்டுகிற வேலை. பழைய தாங்கி பக்கத்திலேயே நிற்கிறது. கட்டி ஒரு மாதத்தில் மயிரிழை மாதிரி வெடிப்புகள் ஓடின. மூன்று முறை பூசினார்கள். பூசின இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி வெடித்தது. இப்போது அதற்குள் யாரோ விறகு அடுக்கி வைத்திருக்கிறார்கள். சனங்கள் அரை மைல் இறங்கி ஊற்றுப் பீலியில்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள். மழைக் காலத்தில் அந்த இறக்கத்தில் கால் வழுக்கி விழாத வீடு கிடையாது.

டிலக்சன் வேலை செய்வது பலாபத்வலையில் கொங்கிரீட் குழாய் வார்க்கிற ஒரு யார்டில். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவன் என்று சோதனை அறையைக் கொடுத்திருந்தார்கள். இந்தத் தூளைத் தாங்கிக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தது அவன்தான். நிரஞ்சனி இருந்தபோது எழுதியது. அனுமதி வந்தபோது அவள் இல்லை. சீமெந்து இறுகும்போது தன்னிடமிருக்கிற தண்ணீரைத் தானே குடித்துச் சுருங்கும், சுருங்க வழியில்லாத இடத்தில் வெடிக்கும். இந்தத் தூள் கலக்கிற நேரத்தில் தண்ணீரைக் குடித்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். கொங்கிரீட்டுக்குத் தாகம் எடுக்கும்போது உள்ளே இருந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கொடுக்கும். அவ்வளவுதான் விஷயம். இதை அவன் யாரிடமும் சரியாகச் சொல்லவில்லை. கேட்டால் "கெமிக்கல்" என்றான். அந்த மாதங்களில் ஒரு கேள்விக்கு ஒரு சொல்லுக்கு மேல் அவனிடமிருந்து வரவில்லை.

மேசன் கலந்தர் பாஸுக்கு அது போதவில்லை. உக்குவளைக்காரர், முப்பது வருஷமாகக் கரண்டி பிடித்தவர். முதல் நாளே பையை மோந்து பார்த்தார்.

"இது என்ன மகன், ஹோமியோபதியா? இத்துனூண்டு மருந்துக்கு இம்பட்டுப் பெரிய நோயாளி?"

"கெமிக்கல் பாஸ்."

"பேர் இல்லாத கெமிக்கலா? மூட்டையில ஒரு எழுத்து இருக்கணுமே. நீங்க ஊட்டுல இருந்து முடிச்சுப் போட்டுக் கொண்டு வாறீங்க."

"நிறுத்துக் கொண்டு வாறேன்."

"ஊட்டுல நிறுக்கிறது கறிக்குப் போடுற மாசித்தூளு மகன்" என்றார். கொங்கிரீட் மிக்ஸரைச் சுற்றி நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். டிலக்சன் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்கள்.

தூள் தண்ணீரைக் குடிப்பதால் கலவை கட்டியாக வந்தது. கட்டியான கலவையைப் பலகைக்குள் இறக்கிக் குத்துவது கஷ்டம். அதற்கு எவ்வளவு தண்ணீர் கூட்ட வேண்டும் என்று அவன் கணக்குப் போட்டு அளந்து கொடுத்தான். ஆனால் இரண்டாம் நாள் பின்னேரம் கலவையின் இறுக்கம் பார்க்கிற தகரக் கூம்பில் போட்டுத் தூக்கியபோது அது காலையில் நின்ற மாதிரி நிற்கவில்லை, சாய்ந்து பரவியது. யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். கேட்டான். யாரும் ஊற்றவில்லை. அடுத்த நாள் தண்ணீர்ப் பீப்பாயின் உள்பக்கம் கரியால் ஒரு கோடு போட்டு வைத்தான். மத்தியானம் பார்த்தபோது தண்ணீர் இருக்க வேண்டிய இடத்துக்கு நாலு விரல் கீழே இருந்தது. அதற்குப் பிறகு சாப்பிடப் போகும்போதும் மிக்ஸர் தெரிகிற இடத்தில்தான் உட்கார்ந்தான். அவன் கலந்தர் பாஸின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கலந்தர் பாஸ் அவன் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் காலை நிரஞ்சனியின் அம்மாவான அத்தையின் அழைப்பு வந்தது. ரத்தோட்டையிலிருந்து. வீட்டில் அவன் எடுப்பதில்லை என்பதால் வேலை நேரத்தில் அழைத்துக்கொண்டிருந்தாள். மிக்ஸர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கையில் போன், மறு கையில் முடிச்சு அவிழ்த்த பை.

"மாப்பிள்ள, சாப்டீங்களா?"

"சாப்டேன் அத்த."

"ஆடி அமாவாசை வரப் போகுது. ஏழு மாசமாச்சு. அத ஊட்டுக்குள்ள வச்சிருக்கக் கூடாது மாப்பிள்ள. எம்புள்ள போகவும் முடியாம இருக்கவும் முடியாம அலையும். சாம்பலக் கரைச்சாச்சா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

போன வாரமும் இதே கேள்விதான். அதற்கு முந்தின வாரமும். ஒரு சொல்லில் முடிகிற பதில் ஒன்றுதான் இருந்தது.

"கரைச்சாச்சு."

"என்ன? சத்தத்துல கேக்கல."

"சாம்பல் எல்லாம் கரைச்சாச்சு அத்த" என்று கத்தினான். "இன்னைக்குக் காலையில. ஒண்ணும் மிச்சமில்ல."

அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, கையிலிருந்த பையை மிக்ஸருக்குள் கவிழ்த்து, அடியில் ஒட்டியது விழும்படி இரண்டு தட்டுத் தட்டினான். திரும்பியபோது ராசம்மா தேத்தண்ணிக் கேத்தலோடு நின்றாள். தொழிலாளர் வரிசை வீடுகளில், மேல் லயத்தில் முதல் காம்பிராக்காரி. மாரியம்மன் கோயில் மாதர் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். கேத்தலைக் கீழே வைத்தாள். அவனுக்கு ஊற்றித் தரவில்லை. அவன் வெள்ளைக் கையைப் பார்த்தாள், மிக்ஸருக்குள் பார்த்தாள், போய்விட்டாள். வெயில் ஏறிவிட்டது, அவளுக்கு வேலை இருக்கும் என்று நினைத்தான்.

பலகையைக் கழற்றிய அன்று தாங்கிச் சுவர் வாழைப் பட்டை மாதிரி வழுவழுப்பாக இருந்தது. பதினாலாம் நாள் டோர்ச் அடித்து நாலு பக்கமும் பார்த்தான். வெடிப்பு இல்லை. இருபத்தெட்டாம் நாள் பார்த்தான். இல்லை. தண்ணீர் நிரப்பி மூன்று நாள் விட்டு, சுவரின் வெளிப்பக்கம் முழுக்கக் கையால் தடவிப் பார்த்தான். ஈரம் இல்லை. பழைய அவனாக இருந்தால் யாருக்காவது போன் போட்டிருப்பான். ஒரு படம் எடுத்தான், அனுப்ப ஆளில்லாமல் வைத்துக்கொண்டான்.

பைப்பைத் திறந்துவிட்டார்கள். நாலாம் நாள் அவன் போனபோது பைப்புக்குக் கீழே சீமெந்துத் தரை காய்ந்து கிடந்தது. ஒரு குடத்தின் வட்ட அடையாளம்கூட இல்லை. தாங்கியின் நாலு மூலையிலும் வேப்பிலைக் கொத்து சொருகியிருந்தது. பைப்புக்கு நேர் கீழே, குங்குமம் தடவிப் பாதியாக வெட்டிய ஒரு எலுமிச்சம்பழம். கீழே பார்த்தான். இறக்கத்தில் பெண்கள் வரிசையாகக் குடம் சுமந்து பீலியிலிருந்து ஏறிக்கொண்டிருந்தார்கள். இவனைக் கண்டதும் பேச்சை நிறுத்திக்கொண்டு ஒதுங்கி நடந்தார்கள்.

வால்வுத் தொட்டியைப் பூசிக்கொண்டிருந்த கலந்தர் பாஸிடம் போனான்.

"சனங்ககிட்ட என்ன சொன்னீங்க பாஸ்?"

"நான் என்னத்தச் சொல்ல?"

"கலவையில தண்ணி ஊத்துனது நீங்க. டேங்க் சரியில்லன்னு முந்திக்கிட்டுச் சொல்லி வச்சிருக்கீங்க."

கலந்தர் பாஸ் கரண்டியை வைத்தார். "ஊத்துனேன் மகன். ரெண்டு நாள். பொய் சொல்ல மாட்டேன். கலவை கல்லு மாதிரி வந்துச்சு, எங்கட பொடியனுங்க கை வீங்கிட்டு. அது என்ட தப்பு." கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தார். "இப்ப நீங்க சொல்லுங்க. நீங்க என்னத்த ஊத்துனீங்க?"

"கெமிக்கல்."

"இவங்க அப்படிச் சொல்லல." குரலைத் தாழ்த்தினார். "எங்கட மார்க்கத்துல எரிக்கிறதும் இல்ல, கரைக்கிறதும் இல்ல. எனக்கு வெளங்கல. ஆனா ராசம்மா கண்ணால கண்டதாம், காதால கேட்டதாம். உங்கட மௌத்தான பொண்டாட்டியோட சாம்பல முடிச்சு முடிச்சாக் கொண்டு வந்து இதுல கரைச்சீங்களாம். போன்லயே கரைச்சாச்சுன்னு சொன்னீங்களாம்."

டிலக்சனுக்கு மிக்ஸரின் சத்தமும், தான் கத்தியதும், கேத்தலும் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன.

"சிரிச்சிருப்பேன் மகன்" என்றார் கலந்தர் பாஸ். "ஆனா நானும் அந்தப் பையப் பாத்திருக்கேன். நீங்க நடந்துகிட்டதையும் பாத்திருக்கேன். சிரிக்க வரல."

அடுத்த நாள் காலை ஐந்து இருபதுக்கு எழும்பினான். வாளிகளை நிறைத்தான். பைப்பை மூடினான், டப்பாவை வைத்தான். பிளேன்டி குடித்தான். தராசை எடுத்து மேசையில் வைத்தான். நிறுக்க ஒன்றுமில்லை, வேலை முடிந்துவிட்டது. அப்போதுதான் மண் முட்டியை உண்மையாகவே பார்த்தான். துணியின் முடிச்சு இடப்பக்கம் இருந்தது. எப்போதும் இடப்பக்கமா?

கடந்த எட்டு மாதத்தில் ஒரு காலைக்கும் இன்னொரு காலைக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியாது. எத்தனை பை நிறுத்தான் என்று கணக்குக் கொப்பியில் இருக்கிறது. நிறுக்கும்போது என்ன நினைத்தான் என்று எங்கும் இல்லை. தூளும் முட்டியும் இவ்வளவு நாள் ஒரு முழத் தூரத்தில் இருந்திருக்கின்றன. இது பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தது. தெரிந்துகொண்டே முட்டியை இறக்கித் தராசில் வைத்தான். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எல்லாவற்றையும் நிறுத்தவன் இதை மட்டும் முன்பு நிறுத்ததில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு எண் இல்லை.

முடிச்சை அவிழ்த்தான். சாம்பல் நிறம், நடுவில் வெள்ளைத் துண்டுகள். தூள் இதைப் போல இல்லவே இல்லை. குருடனுக்கும் தெரியும். ஆனாலும் சோதனை அறையில் பழகிய கை சும்மா இருக்கவில்லை. டம்ளரில் தண்ணீர் எடுத்து ஒரு சிட்டிகை போட்டான். தூளைப் போல ஊதிப் பருக்கவில்லை. கொஞ்ச நேரம் மிதந்தது, பிறகு இறங்கி அடியில் தங்கியது. தண்ணீர் லேசான சாம்பல் நிறத்தில் நின்றது. சரி, இது அது இல்லை என்று மனதுக்குள் சொன்னான். அதற்குப் பிறகுதான் கையில் என்ன இருக்கிறது என்று உறைத்தது. அந்தத் தண்ணீரைக் குசினித் தொட்டியில் ஊற்ற முடியாது. முட்டிக்குள்ளும் ஊற்ற முடியாது. டம்ளர் மேல் ஒரு தட்டை மூடி, முட்டிக்குப் பக்கத்தில் மேலடுக்கில் வைத்தான். மிச்சமிருந்த தூளில் ஒரு பை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

மேல் லயத்து வாசலில் பத்துப் பதினைந்து பேர் கூடினார்கள். அவன் கூப்பிடவில்லை, மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு வந்தவர்கள். கலந்தர் பாஸும் வந்து ஓரமாக நின்றார். ராசம்மா தன் காம்பிராப் படியில் உட்கார்ந்திருந்தாள், எழும்பவில்லை.

"ஒரு டம்ளர் தண்ணி தாங்க" என்றான்.

"எந்தத் தண்ணி? பீலித் தண்ணியா, உங்க தண்ணியா?" என்று ராசம்மா கேட்டாள்.

"எதுன்னாலும்."

பீலித் தண்ணீர்தான் வந்தது. பையை அவிழ்த்து ஒரு கரண்டி தூளைப் போட்டான். எல்லாரும் குனிந்தார்கள். தண்ணீர் கலங்கியது, கெட்டியானது, வேகவைத்த சவ்வரிசி மாதிரி பளபளவென்று பொங்கி விளிம்புக்கு வந்தது. டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்தான். ஒரு சொட்டு விழவில்லை.

"இதத்தான் போட்டேன்" என்றான். "தண்ணியக் குடிச்சு வச்சிருந்து, சீமெந்துக்குத் தேவையான நேரம் விட்டுக் குடுக்கும். சுருங்க விடாது. வெடிக்காது. சாம்பல் இப்படி ஊதாது."

கையில் பிள்ளை வைத்திருந்த ஒரு பெண் டம்ளரை வாங்கி விரலால் குத்திப் பார்த்தாள். "ஐயோ, இது புள்ளைக்குக் கட்டுற பம்பர்ஸுக்குள்ள இருக்கிறதுல்ல. நேத்துக்கூட இவன் கிழிச்சு வாயில வச்சுட்டான்."

"அப்ப பம்பர்ஸ் கட்டுன டேங்க்" என்றார் கலந்தர் பாஸ். "ஒழுகாது." கூட்டம் சிரித்தது. இறுக்கம் தளர்ந்த சிரிப்பு. இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

ராசம்மா சிரிக்கவில்லை.

"சரி, இது சாம்பல் இல்ல" என்றாள். "அப்ப சாம்பல் எங்க?"

"வீட்டுல."

"வீட்டுல எங்க?"

"குசினியில. தட்டுல."

சிரிப்பு நின்றது. குசினியிலயா என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் கேட்டாள்.

"கரைச்சாச்சுன்னு உங்க மாமியார்கிட்ட சொன்னீங்க. என் காது செவிடு இல்ல. ரத்தோட்டையில எங்க நாத்தனா இருக்கா, கேட்டேன். அந்தம்மா அன்னைக்கு ராத்திரியே தலை முழுகிக் கோயிலுக்கு வௌக்கு வச்சிருக்கு, எம்புள்ள கரை சேந்துட்டான்னு." எழும்பி வந்தாள். "பெத்தவகிட்டயே பொய் சொன்ன ஆளு, இந்த டம்ளர்ல போட்டதத்தான் டேங்க்லயும் போட்டேன்னு சொன்னா, நாங்க எப்படி நம்புறது? புள்ளைங்களுக்குத் தானே ஊத்திக் குடுக்கணும்."

யாரும் அவளை மறுக்கவில்லை. அவன் தாங்கிப் பைப்படிக்குப் போய் திருகைத் திறந்து, கையை ஏந்தி, எல்லாரும் பார்க்கக் குடித்தான். குடித்துவிட்டு மூடினான். நிற்கிற இடம்வரை. சொட்டியது. பின்னாலேயே வந்திருந்தார்கள்.

ராசம்மாவின் குரல் இப்போது கொஞ்சம் இறங்கியிருந்தது. "ஏன் கரைக்கல, அதச் சொல்லுங்க. அந்தப் புள்ள ஏதும் சொல்லிச்சா? என்னய ஆத்துல விட்டுறாதீங்க, கூடவே வச்சுக்கங்கன்னு கேட்டுச்சா? கடைசி நேரத்துல அப்படி ஒரு வார்த்த கேட்டிருந்தா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம். செத்தவ வாக்கு."

சுற்றி நின்றவர்களின் முகங்களைப் பார்த்தான். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர்கள் அதை வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றார்கள். பொய்க்குக் காரணம் வந்துவிடும், எலுமிச்சம்பழத்தை எடுத்துவிடுவார்கள், பின்னேரமே குடங்கள் வரும். கலந்தர் பாஸ்கூடச் சொல்லிவிடுங்கள் என்பது போலத் தலையை அசைத்தார். அத்தையும் இப்படி ஒன்று வைத்திருக்கிறாள். 'அம்மா, அவரத் தனியா விட்டுறாதீங்க' என்று மகள் கடைசியாகச் சொன்னதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். அவள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது நிரஞ்சனிக்கு நினைவே இல்லை. டிலக்சன் அதைத் திருத்தவில்லை.

"அப்படிச் சொல்லல" என்றான்.

"அப்ப என்னதான் சொன்னா?"

பைப் சொட்டிக்கொண்டிருந்தது. ராசம்மா தண்ணீர் வீணாவதைப் பொறுக்காத பழக்கத்தில், அவனைப் பார்த்துக்கொண்டே, குனிந்து திருகைப் பிடித்தாள். முழங்கை புடைக்க இறுக்கப் போனாள். அவன் கையை நீட்டித் தடுத்தான். எட்டு மாதத்தில் அவன் ஒருவரைத் தொட்டது அதுதான். அவள் திகைத்து நிமிர்ந்தாள்.

சொன்னான். ஒரு சொல்லில் முடியவில்லை. மார்கழி மழை. எலிக்காய்ச்சல் என்று அப்போது தெரியாது, மூன்று நாள் காய்ச்சல் என்றுதான் தெரியும். ஐந்தே காலுக்குத் தண்ணீர் வந்ததும் எழும்பி வாளி வைத்தவள் குசினியிலேயே விழுந்துவிட்டாள். அம்புலன்ஸ்காரர்கள் அவளைப் படுக்க வைத்து வாசல் தாண்டித் தூக்கும்போது உள்ளே வாளி நிறைந்து வழிகிற சத்தம் கேட்டது. அவளுக்குத்தான் முதலில் கேட்டது. கண்ணால் உள்பக்கம் காட்டினாள். பைப்பை மூட அவன் திரும்பி ஓடினான். ஓடுகிறவனின் முதுகுக்குப் பின்னால், எப்போதும் சொல்கிற அதே குரலில், அவள் சொன்னாள்:

"ரொம்ப இறுக்காதீங்க. வொஷர் போயிரும்."